சந்தனத் தலையோடு கோடைக்கானலுக்கு

போன ஐப்பசியில், அதாவது அறுபத்திரண்டாம் வருஷத்தில், பழனிக்கும் கோடைக்கானலுக்கும் சேர்த்து ஒரு பயணம் போய்வந்தோம். பையனுக்கு முதல் மொட்டை போட வேண்டும் என்பது காரணம். அப்படியே கோடையையும் பார்த்துவிடலாம் என்பது என் யோசனை. இதே மாதிரி திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நேரம், செலவு, தூரம் எல்லாம் என் சட்டைப்பை நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பயந்துபோன ஒருவன் எழுதுவது.

எங்களுக்குத் தூத்துக்குடி. நான் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. வெயில், உப்புக்காற்று, மறுபடியும் வெயில், இதுதான் எங்களுக்குத் தெரிந்த பருவம். கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. பழனிக்கு வேண்டிக்கொண்ட பிறகு ஏழாவது வருஷம் பிறந்தவன் செந்தில். அவனுக்கு ரெண்டு வயது முடிகிற வரை தலையில் கத்திரி வைக்கவில்லை. முடி கழுத்துக்குக் கீழே தொங்கியது, பெண்பிள்ளை என்று நினைத்து எத்தனையோ பேர் கொஞ்சியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் பழனி போய்ச் சேர்ந்தோம். அடிவாரத்தில் அறை மூன்று ரூபாய். ஞாயிறு காலை ஐந்தே காலுக்கு முடியிறக்கிக் குளிப்பாட்டி, தலை நிறையச் சந்தனம் பூசினோம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அந்தச் சந்தனத்தைக் கையால் எடுக்கக் கூடாது, கழுவக் கூடாது, அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். எடுத்தால் வேண்டுதல் குறைபட்டுப்போகும் என்பார்கள். என் தலைச் சந்தனம் மூன்று நாள் இருந்ததாம். பையனைத் தூக்கிக்கொண்டு படியேறித் தரிசனம் முடித்து இறங்கும்போது மணி எட்டரை.

அன்று முழுக்கப் பழனியில் தங்கி இளைப்பாறிவிட்டு, மறுநாள் பஸ்ஸில் கோடைக்குப் போவதாகத்தான் திட்டம். அதைக் கெடுத்தது ஒரு மலிவு. இட்லிக் கடை வாசலில் ஒரு பழைய பெரிய கார் நின்றது. கோடைக்கானல் வண்டி. யாரையோ இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. டிரைவர் பெயர் அந்தோணி, கோடையில் நாயுடுபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

"ரிட்டன் வண்டி சார். நாப்பத்தஞ்சு ரூபா குடுங்க. மேல கொண்டுபோயி, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எல்லா பாயிண்ட்டும் நானே கூடவந்து எக்ஸ்பிளைன் பண்ணிக் காட்டிருவேன். சீசன்ல கேட்டுப் பாருங்க, நூறு சொல்லுவாங்க."

நாற்பத்தைந்து ரூபாய்க்கு எண்பத்தைந்து மைல் பயணமும், வழிகாட்டியோடு ஊர் சுற்றலும்! என் கால் தரையில் பாவவில்லை. என் மனைவி வடிவு மட்டும், "பிள்ளைக்கு இன்னைக்குத்தானே முடி எறக்கியிருக்கு, நாளைக்குப் போனா என்ன?" என்றாள். நாளைக்கு இந்த விலைக்கு யார் வருவார்கள் என்று அடக்கிவிட்டேன்.

ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினோம். ஒட்டன்சத்திரம், செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போய்ச் சேர ஐம்பது மைல். பதினொன்று ஐம்பதுக்குச் சேர்ந்தோம். சாப்பாடு இருவருக்கும் ஒண்ணேகால் ரூபாய். சாப்பாடு சுமாராக இருந்தாலும் ரசம் பிரமாதம், விட்டுவிடாதீர்கள். வெயிலில் பையனின் தலைச் சந்தனம் காய்ந்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்திருந்தது. இத்தனை சீக்கிரம் உதிர்ந்தால் நன்றாக இருக்காதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மடியில் ஒரு பொட்டலம் கோயில் சந்தனம் மிச்சம் வைத்திருந்தேன். தண்ணீர் விட்டுக் குழைத்து, மறுபடியும் கனமாகப் பூசிவிட்டேன். பையன் சிரித்தான். குளிர்ச்சிதானே, நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு மலை ஏறத் தொடங்கினோம். மேலே போக முப்பத்தைந்து மைல். மலைப்பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் அழகு அழகு என்று எழுதுகிறார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எனக்குக் குலை நடுங்கிவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. எதிரே மூட்டை ஏற்றிய லாரி வரும்போதெல்லாம் முருகா முருகா என்று முன் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். போதாக்குறைக்குப் பின்பக்கம் ஒரு கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. கீழே இருந்தபோது சுகமாக வந்த காற்று, மேலே போகப் போக ஊசியாய்க் குத்தியது.

இரண்டு இருபதுக்கு வெள்ளி அருவி. ரோட்டுக்குப் பக்கத்திலேயே விழுகிறது, இறங்கிப் பார்க்கலாம், காசு இல்லை. பத்து நிமிஷம் நின்றோம். சாரல் முகத்தில் அடித்தது. பையனுக்குப் பல் தந்தியடித்தது. மேலே போட்டிருந்தது ஒரு மெல்லிய பட்டுச் சட்டை. எங்களிடம் கம்பளி ஏது? தூத்துக்குடியில் யார் கம்பளி வைத்திருக்கிறார்கள்? வடிவு ஒரு துண்டை எடுத்து அவன் தலையில் சுற்றப் போனாள்.

"துண்டு சுத்தாத, சந்தனம் ஒட்டிக்கிட்டு வந்துரும்" என்றேன்.

அந்தோணி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலைக்கு ஏதாவது போடுங்க சார், இந்த ஊரு குளுரு ஒரு மாதிரி" என்றார்.

"அது சாமி சந்தனம்ப்பா. அதுக்கு மேல எதையும் போடக் கூடாது" என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொல்லிவிட்டேன். அவர் வண்டியை எடுத்தார்.

இரண்டே முக்காலுக்கு ஊருக்குள் வந்து, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பெட்டியைப் போட்டோம். அறை நான்கு ரூபாய். சீசன் இல்லாததால் பாதி விலை. அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் ஆறு மணி வரை கார் நம்முடையதல்லவா! ஏரியை ஒரு சுற்று சுற்றினோம், மூன்று மைல். மூன்று இருபத்தைந்துக்குக் கோக்கர்ஸ் வாக். மலை விளிம்பை ஒட்டி நடைபாதை. நல்ல நாளில் கீழே வைகைப் பக்கத்து ஊர்கள் வரை தெரியும் என்று அந்தோணி விரல் நீட்டி விளக்கினார். எனக்குத் தெரிந்தது வெள்ளைப் புகை மட்டும்தான். கீழே எவ்வளவு ஆழம் என்று கேட்டேன், சொன்னார், கேட்டிருக்க வேண்டாம்.

செந்தில் அங்கேதான் வீரிட்டு அழுதான். ஏரியில் ஆரம்பித்த சிணுங்கல் நிற்கவே இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. காசு கொடுத்துப் பார்க்கிற இடத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லையே என்று. "ரூமுக்குப் போயிருவோமே" என்று வடிவு ரெண்டு தடவை சொன்னாள். "இன்னும் ரெண்டே இடந்தான்" என்றேன்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் மூன்று ஐம்பதுக்கு. மேகம் இல்லாவிட்டால் அங்கிருந்து பழனி மலை தெரியுமாம். அன்று கோயிலே பாதிதான் தெரிந்தது. தூறல் போட்டது. கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறும்போது பையன் அழுகையை நிறுத்தியிருந்தான். நடுக்கமும் நின்றிருந்தது. வடிவின் மடியில் சுருண்டு தூங்கிவிட்டான். அப்பாடா, பழகிக்கொண்டான் என்று எனக்கு நிம்மதி. இந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

தூண் பாறைக்கு நாலு இருபதுக்குப் போனோம். ஊரிலிருந்து ஐந்து மைலுக்குக் கொஞ்சம் குறைவு. நானும் அந்தோணியும் மட்டும் இறங்கினோம். கம்பி அருகே நின்றால் எதிரே சுண்ணாம்புச் சுவர் போல மூடுபனி. பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. காலுக்குக் கீழே நிலம் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் பனி விலகியது. மூன்று கருந்தூண்கள், நானூறு அடி உயரமாம், திடுமென்று முன்னால் நின்றன. உடனே மறைந்தும் போயின. பார்த்துவிட்டேன், போதும், ஓடிவிடுவோம் என்றிருந்தது. காருக்குள் வந்து நோட்டில் எழுதினேன்: "4.30. தூண் பாறை பார்த்தாயிற்று. பையன் சமர்த்தாகத் தூங்குகிறான்."

வண்டி கிளம்பி ஒரு பர்லாங் கூடப் போயிருக்காது.

"இங்க பாருங்க" என்றாள் வடிவு. அவள் குரலே சரியில்லை. "பிஸ்கட்டு குடுக்கலாம்னு எழுப்புதேன், எந்திரிக்க மாட்டேங்கான். கையத் தூக்கினா தொப்புன்னு விழுது. தொட்டுப் பாருங்க, ஒடம்பு சில்லுன்னு கெடக்கு."

தொட்டேன். எங்கள் வீட்டில் இதுவரை எத்தனை ஜுரம் பார்த்திருக்கிறோம், உடம்பு கொதித்துத்தான் பார்த்திருக்கிறேன். உயிரோடிருக்கிற உடம்பு இப்படிக் குளிர்ந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. வயிறு, அக்குள் எல்லாம் குளிர்ச்சி. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. மூக்கில் விரல் வைத்தேன். மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்! தலையில் கை வைத்தேன். தூறலிலும் பனியிலும் ஊறி, நான் அப்பிய சந்தனம் ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரி! அந்தோணி, ஆஸ்பத்திரிக்கு விடுப்பா!" என்று கத்தினேன்.

"டவுனுக்கு அஞ்சு மைல் சார். ரோடே தெரியல. இந்த மிஸ்ட்டுல ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ரோட்டோரப் புல்லைப் பார்த்துப் பார்த்து வண்டியை நகர்த்தினார். நடந்து போகிற வேகம்தான். இடது பக்கம் பள்ளம். மத்தியானம் வளைவுகளுக்குப் பயந்தவன், அப்போது பள்ளத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. வேகமாகப் போ, வேகமாகப் போ என்று அவர் தோளை அடித்துக்கொண்டிருந்தேன்.

பூம்பாறைக் கிராமத்து ரோடு வந்து சேருகிற முக்கில் ஒரு தகரக் கொட்டகை. மேலே விளைகிற பூண்டு, உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரி வரும் வரை அங்கே அடுக்கி வைப்பார்கள். அந்தோணி நேரே அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"யக்கா! வீராயக்கா! பச்சப்புள்ள வெறச்சுப்போச்சு, வெரசா வாங்க!"

உள்ளே ஒரு அம்மாள் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். பூம்பாறைக்காரர், ஐம்பது வயதுக்குள்தான். எழுந்து வந்து பையனை ஒரு பார்வை பார்த்தார். உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்தார்.

"உசுரு இருக்கு. ஏலே அந்தோணி, சாக்கத் தொங்கவிடு, காத்து வரப்படாது. ஏத்தா, ஈரத்த எல்லாம் உருவு. ஒன் ரவிக்கையக் கழத்திட்டு புள்ளைய நெஞ்சோட நெஞ்சாப் போடு. மேல கம்பளியச் சுத்திக்க. நெருப்புக்கு ரொம்ப ஒட்டாத, தேய்க்காத. ஒன் சூடுதான் அவனுக்கு ஏறணும்."

வடிவு ஒரு கேள்வி கேட்கவில்லை. சொன்னதை எல்லாம் செய்தாள். நானும் அந்தோணியும் திரும்பி நின்றுகொண்டோம்.

"மண்டையில என்னய்யா இது? ஈரச் சேத்த அப்பி வச்சிருக்கீங்க. இதத் தொடைக்காம எத்தன கம்பளி போட்டும் பிரயோசனம் இல்ல" என்று வீராயி ஒரு துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்துகொண்டு வந்தார்.

நான் திரும்பினேன். கொஞ்சம் தயங்கினேன். சாமி சந்தனமாயிற்றே என்று ஏதோ சொன்னேன்.

"எங்க ஊருச் சாமியும் அவருதான்யா. கொழந்த வேலப்பரு. அவருக்கு நாஞ் சொல்லிக்கிறேன், நீ வழிய விடு" என்றார் வீராயி. அதற்குள் வடிவு அந்தத் துணியைப் பிடுங்கித் தானே துடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே இழுப்பில் பாதித் தலை வெளுத்தது. வீராயி உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, தன் தலையில் கட்டியிருந்த கம்பளித் துணியை அவிழ்த்து, பையனின் காது மூடக் கட்டினார்.

பிறகு காத்திருந்தோம். மணி ஐந்து ஐந்து என்று நோட்டில் இருக்கிறது. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, பழக்கம். ஐந்தேகால் வரை ஒன்றுமில்லை. மழை தகரத்தில் விழுந்தது. முருகா, நீ கொடுத்த பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று வாய்விட்டு அழுதேன். அந்தோணி பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குத் தெரியும் சார். அருவிகிட்டயே தெரியும். இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு பாத்திருக்கேன். சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நான் வேதக்காரன். உங்க சாமி சந்தனத்த நான் எடுக்கச் சொன்னா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன். மன்னிச்சிருங்க சார்."

அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அருவியில் அவர் சொன்னபோது அந்த வாயை மூட வைத்தவன் நான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து இருபத்தைந்துக்கு வடிவு "ஐயோ, வெட்டி வெட்டி இழுக்குதே!" என்று அலறினாள். கம்பளிக்குள் பையனின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஜன்னி, போயிற்று, எல்லாம் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வீராயி கம்பளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். "கத்தாதத்தா. இது இழுப்பு இல்ல, நடுக்கம். நடுங்கட்டும். நடுங்கக்கூடத் தெம்பில்லாமத்தான இம்புட்டு நேரம் கெடந்தான்."

நடுங்கினான். நன்றாக நடுங்கினான். அப்புறம் முனகினான். ஐந்து நாற்பதுக்கு வாயைத் திறந்து, கோக்கர்ஸ் வாக்கில் என்னை எரிச்சல்படுத்தினானே, அதே குரலில் அழுதான். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல சத்தம் உலகத்தில் கிடையாது. வீராயி கருப்பட்டித் தண்ணீரை வெதுவெதுப்பாக ஆற்றி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். நாலாவது கரண்டிக்கு அவனே வாயை நீட்டினான்.

பனி கொஞ்சம் விலகியதும் அந்தோணி எங்களை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் பையனைச் சோதித்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். கொட்டகையில் செய்ததைத் தவிர அவரும் வேறெதுவும் செய்திருக்க மாட்டாராம். நேராக இங்கே வர முயன்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டேன். அவர் சீட்டு எழுதிக்கொண்டே இருந்தார். மறுபடி நான் கேட்கவில்லை. காருக்குப் பேசிய நாற்பத்தைந்துக்கு மேல் அந்தோணி ஒரு பைசா வாங்கவில்லை. கம்பளித் துணியைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் போனபோது, "புள்ள தலையிலயே இருக்கட்டும்யா, கீழ போனப்பறம் அவுத்துக்கங்க" என்றுவிட்டார் வீராயி. அது இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோடை நல்ல ஊர்தான், பயந்துகொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் பழனியில் மொட்டை போட்ட குழந்தையை அன்றைக்கே மேலே ஏற்றாதீர்கள். ஒரு ராத்திரி அடிவாரத்தில் தங்க மூன்று ரூபாய்தான் ஆகும். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிவிடுகிறது, எல்லா இடத்தையும் காலை பதினொன்றுக்குள் பார்த்துவிடுங்கள். காரில் ஏறுமுன் கண்ணாடியெல்லாம் மேலே ஏறுகிறதா என்று ஏற்றிப் பாருங்கள். கம்பளிக் குல்லா பஸ் நிற்கும் இடத்துக் கடைகளில் ஒண்ணரை ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிரைவர் தயங்கித் தயங்கி ஏதாவது சொல்ல வந்தால், சொல்ல விடுங்கள். குளிரில் குழந்தை அழுதால் சகித்துக்கொள்ளுங்கள். அழுத குழந்தை சட்டென்று அழுகையையும் நடுக்கத்தையும் நிறுத்திவிட்டுத் தூங்கினால், உடனே வண்டியை நிறுத்தி அதன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்து வடிவிடம் படிக்கக் கொடுத்தேன். செந்திலை இடுப்பில் வைத்துக்கொண்டே படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"தயங்கினேன்னு எழுதியிருக்கீங்க. நீங்க தயங்கல. அந்தம்மா கையப் பிடிச்சுத் தள்ளினீங்க. 'தொடாத, தொட்டா குடுத்தவன் எடுத்துக்கிடுவான்'னு கத்தினீங்க. நான் துணியப் பிடுங்கினதே உங்க கையில இருந்துதான்."

மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. மறக்கவில்லை. ஊரார் படிப்பார்களே என்ற வெட்கத்தில் விட்டேன். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே இங்கே எழுதி, மறுபடி காட்டினேன். படித்துவிட்டு, "இப்ப சரி" என்று சொல்லி, பையனை என் மடியில் இறக்கிவிட்டு உள்ளே போனாள்.